மூன்றாவது தவறான எண்

செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால். சரவணகுமார் தன் வேலை அறையைத் திறந்து, பீரோவிலிருந்த தகர டப்பாவை எடுத்தான். அதற்குள் இரண்டு பொருட்கள் இருக்க வேண்டும். ஒன்றுதான் இருந்தது.

இருந்தது பென் டிரைவ் அளவு ஒரு சிறு கருவி. இணையப் பணமான அவனுடைய பிட்காயின்களைத் திறக்கும் சாவி அதற்குள் இருந்தது. கம்ப்யூட்டரில் செருகினான். புதிதாக வாங்கிய நாளில் காட்டியது போல, 'தொடங்கலாமா?' என்று கேட்டது. உள்ளே இருந்ததெல்லாம் அழிந்திருந்தது.

காணாமல் போனது உள்ளங்கை அகல எஃகுத் தகடு. அதில் இருபத்துநான்கு ஆங்கிலச் சொற்கள் பொறிக்கப்பட்டிருந்தன. கருவி பாழானாலும் அந்தச் சொற்கள் இருந்தால் எல்லாவற்றையும் மீட்டுவிடலாம். வேறொருவன் கையில் சிக்கினால் அவன் எல்லாவற்றையும் வழித்துக்கொண்டு போய்விடலாம். போன் போட்டு முறையிட வங்கியும் கிடையாது, மேனேஜரும் கிடையாது.

கதவில் கீறல் இல்லை. ஜன்னல் கம்பிகள் அப்படியே இருந்தன. அறைக்கு ஒரே சாவி, அதுவும் அவன் கழுத்துக் கயிற்றில்.

சமையலறையில் மனைவி பூஜா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். அவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் பைக்கை எடுத்துக்கொண்டு ஜமுனாமரத்தூர் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனான்.

சப் இன்ஸ்பெக்டர் சசிகலா கடைசிவரை குறுக்கிடாமல் கேட்டார்.

"மதிப்பு எவ்ளோ இருக்கும்?"

"அத சொல்ல மாட்டேன் மேடம்."

"சரி. கடைசியா எப்ப பாத்தீங்க?"

"இன்னிக்கு ஒம்போது மணிக்கு. ரெண்டும் இருந்துச்சு. பூட்டிட்டு ஒம்போதரைக்குக் குளிக்கப் போனேன். குளிக்கறப்ப மட்டும்தான் சாவிய கழட்டி வெளிய ஆணில மாட்டுவேன்."

"அப்ப வூட்ல யாரு?"

"யாரும் இல்ல. பூஜா கடைக்குப் போயிருந்தா. வேலைக்கு வர்ற மங்கம்மாள் இன்னிக்கு லேட்டு, பத்து மணிக்குத்தான் வந்தாங்களாம்."

"யார் மேலயாவது சந்தேகம்?"

இதற்கு அவன் யோசிக்கவே இல்லை. "கலையரசன். போளூர்க்காரன். என் ஃப்ரெண்டுதான். நான் குளிச்சிட்டு வந்தப்ப வராந்தாவுல அவன் விக்கற தேன் பாட்டில் இருந்துச்சு. அவன் வந்துட்டுப் போயிருக்கான்."

ஃப்ரெண்டு என்ற சொல்லை அவன் துப்பியது போலச் சொன்னதை சசிகலா கவனித்தார்.

பகல் பன்னிரண்டு மணிக்கு ஜீப் காவலூர் ரோட்டைத் தாண்டி, சரிவில் தனித்து நின்ற வீட்டு வாசலில் நின்றது. பூஜாவுக்கு செய்தியே அப்போதுதான் தெரிந்தது. தெரிந்ததும் அவள் முகத்தில் வந்தது பயமா கோபமா என்று சசிகலாவால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

"போலீஸா? என்கிட்ட ஒண்ணுமே சொல்லலையே இவரு!"

"ஒம்போதரைக்கு எங்க இருந்தீங்க?"

"மஜீத் பாய் கடையில. வேணும்னா பாருங்க." போனைத் திறந்து நீட்டினாள். ஒன்பது நாற்பதுக்கு மஜீத் ஸ்டோர்ஸுக்குப் பணம் போயிருந்தது. கடை அங்கிருந்து இரண்டு கிலோமீட்டர்.

அந்த போனில் அவள் வாழ்க்கை முழுக்க இருந்தது. பால், கேஸ், கரண்ட் பில், செங்கத்தில் இருக்கும் அம்மாவோடு வீடியோ கால், கலையரசனின் தேன் வியாபாரத்துக்காக அவள் பேசி நடித்த ரீல்ஸ். சரவணகுமாரின் போனில் அப்படி எதுவும் இல்லை. கடைக்குப் போனால் நோட்டுதான் கொடுப்பான். அவன் அனுப்பும் செய்திகள் ஒரு மணி நேரத்தில் தானாக அழிந்துவிடும்.

"எதுக்கு இவ்ளோ மறைவு?" என்று சசிகலா அவனையே கேட்டார்.

"எங்க அக்கா ஒரு லோன் ஆப்புல போட்டோ, நம்பருங்க எல்லாத்தையும் அள்ளிக் குடுத்தா மேடம். ஈஸியா இருக்குன்னு. அந்த ஆப்புக்காரனுங்க அவ மூஞ்சிய வெட்டி அசிங்கமா ஒட்டி, தெரிஞ்சவங்க அத்தன பேருக்கும் அனுப்பினானுங்க. அவ ஆறு மாசம் வெளியவே வரல. அன்னிக்கு முடிவு பண்ணேன். என்னப்பத்தி எவன்கிட்டயும் எதுவும் இருக்கக்கூடாது."

"எவன்கிட்டயும்னு சொல்றாரு. பொண்டாட்டியும் அதுல சேத்தி" என்றாள் பூஜா. "ஆனா மல்லிக்கு மட்டும் எல்லாம் தெரியும்."

"மல்லி யாரு?"

"அவரையே கேளுங்க. காத்தால எழுந்ததும் மல்லி. சாப்புடறப்ப மல்லி. சிரிச்சிக்கினே டைப் அடிப்பாரு. நான் கிட்ட போனா போன கவுத்துடுவாரு."

"கூட வேலை செய்யறவங்க மேடம்" என்றான் சரவணகுமார் சுருக்கமாக. "ப்ரோக்ராம் எழுதறோம். வேலை விஷயத்த வெளிய சொல்லக்கூடாது."

மாலை நான்கு மணிக்கு போளூர். கலையரசனின் கிடங்கில் சாமை மூட்டைகளும் தேன் பெட்டிகளும் அடுக்கியிருந்தன. சுவரில், மேசையில், எடைமெஷினில், எங்கு பார்த்தாலும் க்யூஆர் அட்டை.

"போனேங்க. ஒம்போதரை, ஒம்போதே முக்கால் இருக்கும். பாட்டில் குடுக்கத்தான். உள்ள குக்கர் விசில் அடிச்சிது. ஆள் இருக்காங்கன்னு பூஜா, பூஜான்னு ரெண்டு குரல் குடுத்தேன். யாரும் வரல. வராந்தாவுல வச்சிட்டு வந்துட்டேன்."

"அவரோட பிட்காயின் தகடு காணோம். சரவணகுமார் உங்கள சந்தேகப்படறாரு."

கலையரசன் கையிலிருந்த மூடியை மெதுவாகப் பாட்டிலில் திருகினான். "அவன் உக்காந்த எடத்துல சம்பாதிக்கறத பாத்து வயிறு எரிஞ்சிருக்கேன். இல்லன்னு சொல்லல. நான் ஊர் ஊரா மூட்டை தூக்கறேன். ஆனா அந்தத் தகட வச்சி நான் இன்னாங்க பண்ணுவேன்? எனக்கு க்யூஆர் போதும். காசு வந்தா சத்தம் போட்டுச் சொல்லணும், அப்பத்தான் எனக்கு நிம்மதி."

புதன்கிழமை காலை எட்டரைக்கு சசிகலா மறுபடி மலை வீட்டுக்கு வந்தார். கலையரசனைக் கைது செய்யப் போகிறாரா என்று கேட்டபடியே சரவணகுமார் எதிரே ஓடி வந்தான்.

"மொதல்ல ஒண்ணு சொல்லுங்க. உங்க காயின் போயிடுச்சா?"

அவன் கம்ப்யூட்டரைக் காட்டினான். ஆளின் பெயர் தெரியாதே தவிர, பிட்காயின் எந்தக் கணக்கிலிருந்து எந்தக் கணக்குக்கு நகர்ந்தது என்பதை உலகத்தில் யாரும் பார்க்கலாம். அவனுடையது நகரவில்லை. நேற்று வைத்த இடத்தில் அப்படியே இருந்தது.

"தகடு கெடச்சவன் எவ்ளோ நேரத்துல எடுக்கலாம்?"

"அஞ்சு நிமிஷம் போதும் மேடம். அதான் எனக்கும் புரியல."

"அந்தக் கருவி ஏன் அழிஞ்சிது?"

"பின் நம்பர் மூணு தடவ தப்பாப் போட்டா தானே அழிச்சிக்கும்."

வாசலில் ஹாரன் கேட்டது. காய்கறிக்காரரின் மொபெட். புடவைத் தலைப்பில் கை துடைத்துக்கொண்டே மங்கம்மாள் சமையலறையிலிருந்து வந்தாள். தக்காளியும் கீரையும் பொறுக்கினாள். டைனிங் டேபிளில் கிடந்த பூஜாவின் போனை எடுத்துப் போய், அட்டையில் காட்டி, எண்ணைத் தட்டிப் பணம் அனுப்பிவிட்டு, போனைத் திரும்ப அதே இடத்தில் வைத்தாள். உள்ளே தலை வாரிக்கொண்டிருந்த பூஜா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

சசிகலா மங்கம்மாளைத் தனியே அழைத்தார். "நம்பர் உங்களுக்கு எப்டித் தெரியும்?"

"அதுல இன்னாம்மா ரகசியம் கீது? அய்யா பொறந்த நாளு. பூஜா பாப்பாதான் சொல்லிக் குட்த்துச்சு."

அரை மணி நேரத்தில் சசிகலா மஜீத் ஸ்டோர்ஸில் நின்றார்.

"நேத்து ஒம்போது நாப்பதுக்கு பூஜா இங்க வந்தாங்களா பாய்?"

மஜீத் பாய் யோசித்தார். "பூஜா வரலீங்க. பூஜா போன் வந்துச்சு. மங்கம்மாள் எடுத்துக்கினு வந்தாங்க. பருப்பும் சோப்பும் வாங்கினாங்க."

பத்தரை மணி. சசிகலா மலை வீட்டுக்குத் திரும்பி, கணவன் மனைவி இருவரையும் கூடத்தில் உட்கார வைத்தார். எதிரே நாற்காலியைப் போட்டுக்கொண்டு தானும் உட்கார்ந்தார். கலையரசனையும் வரச் சொல்லியிருந்தார். அவன் வாசல்படிக்கு உள்ளே வராமல் கதவோரம் நின்றான்.

"இது பணத்துக்காக நடந்த திருட்டு இல்ல" என்று ஆரம்பித்தார் சசிகலா. "பணம் வேணும்னா அஞ்சு நிமிஷத்துல எடுத்திருக்கலாம். ஒரு நாள் ஆச்சு, அப்டியே இருக்கு. தகட எடுத்தவங்களுக்கு காயின் தேவையில்ல."

அவர் சரவணகுமார் பக்கம் திரும்பினார்.

"ரெண்டாவது, வெளியாள் வந்திருந்தா ரெண்டையும் பையில போட்டுக்கினு போயிருப்பான். பின் நம்பர வெளிய போய் நிதானமா யோசிப்பான். வந்தவங்க அறைக்குள்ளயே நின்னு மூணு தடவ போட்டுப் பாத்திருக்காங்க. நம்பர் தனக்குத் தெரியும்னு நம்பறவங்கதான் அப்டிப் போடுவாங்க."

சரவணகுமார் கலையரசனைத் திரும்பிப் பார்த்தான்.

"அங்க பாக்காதீங்க. அவரு சொன்ன ஒரு விஷயத்த நான் முதல்ல விட்டுட்டேன். உள்ள குக்கர் விசில் அடிச்சிது. நீங்க குளிக்கறீங்க. மங்கம்மாள் இன்னும் வரலன்னு சொன்னீங்க. பூஜா ரெண்டு கிலோமீட்டர் தள்ளி கடையில இருக்காங்க. அப்ப குக்கர அடுப்புல வச்சது யாரு? எரியற அடுப்ப விட்டுட்டு எந்தப் பொம்பளயும் அவ்ளோ தூரம் போக மாட்டா. கடைக்குப் போனது போன். எடுத்துக்கினு போனது மங்கம்மாள். காத்தாலயே வந்தவங்கள பூஜா கடைக்கு அனுப்பிட்டாங்க, பத்து மணிக்கு அவங்க வந்தது கடையிலேர்ந்து திரும்பி. பணம் போன நேரத்த மட்டும் பாத்துட்டு, ஆளும் போச்சுன்னு நாம நம்பிட்டோம்."

அவர் குரலைத் தாழ்த்தினார். "பூஜா, அவரு குளிச்சது மொத்தமே பத்து பதினஞ்சு நிமிஷம். நீங்க இன்னா நம்பர் போட்டீங்க?"

பூஜா மடியில் கையைக் கோத்துக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

"மொதல்ல எங்க கல்யாண நாள்" என்றாள். "அது இல்ல. அப்புறம் என் பொறந்த நாள். அதுவும் இல்ல. சரி, அவரு பொறந்த நாளாவது இருக்கும்னு போட்டேன். மொத்தமா அழிஞ்சிடுச்சு."

"அது எந்த நாளும் கெடயாது பூஜா" என்றான் சரவணகுமார். "பகடை உருட்டி எடுத்த நம்பரு. யாராலயும் கண்டுபிடிக்க முடியக்கூடாதுன்னு."

"என்னாலயுமா?"

அவன் கழுத்துச் சாவியைக் கைக்குள் மூடிக்கொண்டான். பூஜா நிமிர்ந்தாள்.

"எனக்கு உங்க காசு வேணாங்க. என் நம்பர் எல்லாமே நீங்கதான், வூட்டு வேலைக்கு வர்றவங்களுக்குக்கூடத் தெரியும். உங்க நம்பர்ல நான் எங்கியாவது இருக்கேனான்னு பாக்கணும்னு தோணுச்சு. இல்லன்னதும் ஆத்திரம். அந்தத் தகட எடுத்தேன். அது இல்லன்னா தவிச்சுப் போயி என்கிட்ட வருவீங்க, பூஜா பாத்தியான்னு கேப்பீங்க, குடுத்துடலாம்னு இருந்தேன். நீங்க கேக்கல. போலீஸுக்குப் போனீங்க. என் மேல சந்தேகம்கூட வரல உங்களுக்கு. அந்த அளவுக்குக்கூட நான் உங்க நெனப்புல இல்ல."

எழுந்து சமையலறைக்குப் போனாள். சாமை டின்னுக்குள் கையை விட்டுத் தகட்டை எடுத்து வந்து மேசையில் வைத்தாள். அதில் பொறித்த எழுத்துகளுக்குள் தானியம் ஒட்டியிருந்தது.

"மல்லிகிட்ட எல்லாம் சொல்லுவீங்களே, இதையும் சொல்லுங்க."

"மல்லி ஆம்பளயா பொம்பளயான்னே எனக்குத் தெரியாது" என்றான் அவன். "நாங்க யாரும் யாரோட பேரையும் கேக்கறதில்ல. அது வெறும் பேரு. ஒருவேள மீசை வச்ச ஆளாக்கூட இருக்கலாம்."

"காட்டுங்க."

அவன் போனை எடுத்துத் திறந்து நீட்டினான். முதல் முறையாக அவள் கையிலேயே கொடுத்தான். ஒரு மணி நேரம் தாண்டியதால் மல்லியின் பக்கம் வெறுமையாக இருந்தது.

பூஜா அந்த வெள்ளைத் திரையை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். "இத வச்சி நான் எத நம்பறது?"

சசிகலா எழுந்தார். "நீங்களும் ஒண்ணு ஒத்துக்கணும் சரவணகுமார். கலையரசன் பேர நீங்க சட்டுனு சொன்னது தேன் பாட்டிலுக்காக இல்ல. அவரு வந்தா இவங்க சிரிக்கறாங்க. ரீல்ஸ் எடுக்கறாங்க. அது உங்களுக்குப் பொறுக்கல. ஒரு நாள் அவர நான் லாக்கப்புல வச்சிருந்தா சந்தோஷப்பட்டிருப்பீங்க."



கதவோரம் நின்ற கலையரசன் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிறுத்தியிருந்த தன் வேனை நோக்கி நடந்தான். வேன் கிளம்பும் சத்தம் கேட்ட பிறகுதான் சரவணகுமார் எழுந்து வாசலுக்கு ஓடினான். பொருள் வீட்டிலேயே கிடைத்துவிட்டது என்று சசிகலா எழுதி, அவனிடம் கையெழுத்து வாங்கினார். புகார் முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் பைக்கில் போளூருக்கு இறங்கினார்கள். கிடங்கில் கலையரசன் சாமை அளந்துகொண்டிருந்தான். சரவணகுமார் சுற்றி வளைக்காமல் தன் தப்பைச் சொன்னான். கலையரசன் பக்கத்துக் கடையிலிருந்து மூன்று டீ வரவழைத்தான். குடித்து முடிக்கும்வரை பஸ், மழை, தேன் விலை என்று பேசினான்.

கிளம்பும்போது சொன்னான்: "மனசுல ஒண்ணும் இல்லடா. ஆனா இனிமே பாட்டில என் கடப் பையன் பழனிகிட்ட குடுத்து அனுப்பறேன். நான் வரல. பூஜா, நீயும் ரீல்ஸ் வேற யாரையாவது வச்சி எடுத்துக்கம்மா."

அவன் நல்லபடியாகத்தான் சொன்னான். இருவரும் தலையாட்டிவிட்டு வண்டியில் ஏறினார்கள்.

மலை ஏறும் வழியில் மூன்றாவது வளைவு வரை பூஜா பின்னால் கம்பியைப் பிடித்தபடி இருந்தாள். பிறகு, காற்றில் கேட்கும்படி சத்தமாகக் கேட்டாள்.

"இன்னிக்குக் காத்தால டைப் அடிச்சி சிரிச்சீங்களே, இன்னா அது?"

சரவணகுமார் வண்டியை ஓரம் கட்டி நிறுத்தினான். இஞ்சினை அணைத்தான். அந்தச் செய்தி அழிந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. யோசித்து யோசித்து, முதல் வரியிலிருந்து சொல்ல ஆரம்பித்தான். பூஜா இறங்கி எதிரே வந்து நின்று, அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு கேட்டாள்.