கராஃபுவின் வயிற்றில் ஒன்பது தையல்

எது முன்னால் நடந்தது, எது பின்னால் நடந்தது என்பதில் சபுராவுக்கே இப்போது நிச்சயமில்லை. எதிர்வீட்டு ஜன்னலில் உட்கார்ந்து அவள் சொல்லக் கேட்ட எனக்கு எப்படி இருக்கும்? ஐந்தாம் நாள் என்று ஒருமுறை சொல்வாள், ஆறாம் நாள் என்று இன்னொருமுறை. மழை பெய்துகொண்டிருந்தது என்பாள். அந்த மாதம் லாமுத் தீவில் ஒரு துளி விழவில்லை. ஒன்றில் மட்டும் அவள் மாறியதே இல்லை. அறுவை முடிந்து பூனை வீட்டுக்கு வந்த அன்று அதன் வயிற்றில் ஒன்பது தையல் இருந்தது. விரல் வைத்து எண்ணினாள். ஒன்பது.

அப்புறம், பூனை காயத்தை நக்கவில்லை.

வயிற்றைக் கிழித்துத் தைத்த எந்தப் பூனையும் முதல் வேலையாக அந்த இடத்தை நக்கத்தான் பார்க்கும். அதற்காகத்தான் டாக்டர் முதிசோ ஒரு பழைய சட்டைக் கையை வெட்டி, நாலு ஓட்டை போட்டு, அதற்கு மாட்டிவிட்டிருந்தார். கராஃபு அந்தத் துணியை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. கூடையிலிருந்து இறங்கியது, முன்னறையைக் கடந்து, திரைக்கு அடியில் நுழைந்து உள்ளறைக்கு வந்தது, சுண்ணாம்புச் சுவரில் முதுகைச் சாய்த்து, தன் வயிற்றைத் தன்னிடமிருந்து கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டு உட்கார்ந்தது. இரவல் வாங்கிய பாத்திரத்தை மடியில் வைத்திருக்கும் ஆள் உட்கார்வது மாதிரி.

சபுராவின் கணவன் ஷெப்வானா இறந்து அன்றோடு நூற்றுப் பன்னிரண்டு நாள். கணவனை இழந்தவள் இருக்கும் நாலு மாதம் பத்து நாள் இத்தா முடிய இன்னும் பதினெட்டு நாள் இருந்தது. அதுவரை அவள் வாசலைத் தாண்டக் கூடாது, அந்நிய ஆண் முகத்தில் விழிக்கக் கூடாது. பிள்ளைகள் இல்லை. இரண்டு அறை வீடு, நடுவில் ஒரு கனத்த நீலத் திரை. அடுத்த தெருவிலிருந்து கணவனின் தங்கை ஜோஹா காலையில் மஹம்ரி ரொட்டியும் தேங்காய்ப்பால் பயறும் கொண்டுவந்து வைப்பாள், கொஞ்ச நேரம் வம்பு பேசுவாள், போய்விடுவாள். மீதி நேரமெல்லாம் அந்தக் கிராம்பு நிறப் பூனைதான். அது செத்துப்போனால் அந்தச் சுவர்களோடு தனியாக இருந்து தன்னால் இந்த இத்தாவை முடிக்க முடியாது என்று சபுரா என்னிடமே சொன்னாள். சும்மா சொல்லவில்லை. கண்ணைப் பார்த்தால் தெரியும்.

பூனைக்கு நோய் வந்ததும் அவளால்தான். ஷெப்வானாவுக்கு என்று இரண்டு வருடமாகத் தைத்துக்கொண்டிருந்த தொப்பி அது. லாமுப் பெண்கள் கணவனுக்குத் தைக்கும் வெள்ளைத் தொப்பி. ஊசிக்கண் அளவுத் துளைகளைச் சுற்றிச் சுற்றி நூலால் கட்டி நிரப்ப வேண்டும். முடியுமுன் அவன் போய்விட்டான். தொப்பி மாடக்குழியில் கிடந்தது. ஒருநாள் மதியம் கராஃபு நூல் முனையைப் பிடித்து இழுத்து விழுங்கத் தொடங்கியது.

"முனை உள்ள போயிருச்சுன்னா பூனையால நிறுத்த முடியாதுக்கா. நாக்குல முள்ளு எல்லாம் உள்பக்கமாப் பாத்து இருக்கும். விழுங்கிக்கிட்டேதான் போகும்" என்று திரைக்கு அந்தப் பக்கமிருந்து டாக்டர் முதிசோ சொன்னார். மேட்டு நாட்டுக்காரர், கடற்கரை ஓரம் கழுதைகளுக்கு வைத்தியம் பார்க்க வந்தவர். "குடலைச் சுருக்குப்பை மாதிரி சுருக்கியிருந்துச்சு. எல்லாத்தையும் எடுத்தாச்சு. பத்து நாள் இந்த அறையை விட்டு வெளிய விடாதீங்க. தையல் பிரியக் கூடாது. பிரிஞ்சா என்னைக் கூப்பிடுங்க, வேற யாரும் தொட வேணாம்."

அவர் போனதும் ஜோஹா திரையை விலக்கிக்கொண்டு வந்தாள். "மதனி, உங்க பூனைக்கு வந்த யோகத்தைப் பாருங்க. எங்கம்மா நெஞ்சு வலிக்குதுன்னு கெடந்தப்பக்கூட டாக்டர் வீட்டுக்கு வரல. இது தும்முனாலே வந்து நிக்கறாரு."

"வாயக் கழுவுடி."

"ரெண்டு பேரும் நல்லா இத்தா இருங்க. நீங்க நாலு மாசம், அது பத்து நாள்."

மூன்றாம் நாள் ஒரு தையல் நழுவியது. நடுவில், ஐந்தாவது. துணியை விலக்கிப் பார்த்தபோது கறுப்பு நூல் முடிச்சு அவிழ்ந்து தொங்கியது. தோலின் இரண்டு விளிம்பும் உதடு பிரிவது போல லேசாகப் பிரிந்திருந்தன. ரத்தம் இல்லை. உள்ளிருந்து ஒரு வாடை மட்டும். மூடி வைத்த அலமாரியைத் திறந்தால் வருமே, அந்த வாடை.

"கூப்பிடட்டா?" என்றாள் ஜோஹா.

"வேணாம். இந்த வாரத்துல ரெண்டு தடவ வந்துட்டாரு. இத்தா வீட்டு வாசல்ல ஆம்பிளச் செருப்பு எத்தனை தடவ கெடந்துச்சுன்னு எதிர்வீட்டுக்காரி எண்ணிக்கிட்டிருக்கா."

என்னைத்தான் சொன்னாள். எண்ணிக்கொண்டுதான் இருந்தேன்.

சபுரா ஊசியைக் கொதிநீரில் போட்டு எடுத்தாள். வீட்டில் இருந்தது அந்தத் தொப்பியின் வெள்ளை நூல்தான். ஒரே ஒரு தையல். லாமுவில் ஒவ்வொரு பெண்ணுக்கும் முடிச்சு ஒவ்வொரு விதம். சபுரா ஊசியில் நூலை இருமுறை சுற்றி இடப்பக்கமாக உள்ளே மடக்குவாள். பத்துத் தொப்பியைக் கலந்து வைத்தாலும் அவளுடையது எது என்று சொல்லிவிடலாம். ஊசி இறங்கியபோது பூனை நெளியவில்லை, கத்தவில்லை. வயிற்றை இன்னும் கொஞ்சம் அகட்டிக் காட்டியது.

மறுநாள் மதியம், வெயில் சந்துக்குள் நேராக இறங்கி, கழுதைகளும் ஓய்ந்து, பள்ளிவாசல் சுவரில் புறாக்கள்கூட முனகாமல் கிடக்கும் அந்த நேரத்தில், ஜன்னல் கதவுகளைச் சாத்திவிட்டுப் பாயில் படுத்திருந்தவள் ஏதோ சத்தம் கேட்டு விழித்தாள். மிகச் சின்னச் சத்தம். இறுக்கமான துணியை ஊசி முனை குத்துவது. பிறகு நூல் நீளமாக இழுபடுவது. வாழ்நாளெல்லாம் கேட்ட சத்தம் என்பதால் முதலில் அவளுக்குப் பயம் வரவில்லை, யாரோ தைக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டு மறுபடி கண்ணை மூடினாள். அப்புறம்தான் வீட்டில் வேறு யாரும் இல்லை என்பது உறைத்தது.

துணியை விலக்கினாள். பத்து.

பத்தாவது வெள்ளை. இருமுறை சுற்றி, இடப்பக்கமாக மடக்கிய முடிச்சு.

"தூக்கத்துல நீங்களே போட்டிருப்பீங்க மதனி. சரியாத் தூங்கறதில்ல, சாப்பிடறதில்ல. புத்தி பேதலிக்கத்தான் செய்யும்" என்றாள் ஜோஹா. ஆனாலும் ஊசிப் பெட்டியை, நூல் கண்டை, பாதித் தொப்பியை எல்லாம் ஒரு துணியில் மூட்டை கட்டித் தன் வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

மறுநாள் பன்னிரண்டு. அதற்கடுத்த நாள் பதினாறு. தையல்கள் விலாவைத் தாண்டி நெஞ்சுக்கு ஏறிக்கொண்டிருந்தன, அத்தனையும் வெள்ளை, அத்தனையும் அவள் கைவேலை, அதுவும் அவள் நல்ல நாளில் தைத்ததைவிடச் சுத்தமாக. தைத்த இடத்தில் முன்பு வெட்டே இல்லை. அதுதான் அவளை உலுக்கியது. தோலை முதலில் யாரோ திறக்கிறார்கள், பிறகு மூடுகிறார்கள்.

பூனை மீனைத் தொடவில்லை, பாலைத் தொடவில்லை. ஆனால் கனத்தது. ஏழாம் நாள் மடியிலிருந்து அதை இறக்கி வைக்க அவளுக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது. கழுத்தும் கால்களும் மெலிந்து குச்சியாகியிருந்தன. கனமெல்லாம் அந்தச் சட்டைக்குள். அடியில் கை கொடுத்தபோது உள்ளே ஏதோ தன்னைச் சௌகரியமாகத் திருப்பிக்கொண்டது. பூனையின் கண்கள் அவளைப் பார்த்தன. அவை மட்டும் பழைய கராஃபுவின் கண்கள். வீட்டுக்கு வேண்டாத விருந்தாளி வந்திருக்கும்போது வீட்டுக்காரி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்க்கும் பார்வை அதில் இருந்தது.

அன்று அவள் வாசல் வரை போனாள். தாழ்ப்பாளில் கை வைத்தாள். வெளியே சந்தில் நாலு கிழவர்கள் காபி குடித்துக்கொண்டு ஒரு படகைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். கதவுக்கு இரண்டு விரல் அந்தப் பக்கம் உலகம் இருந்தது. ஒரு அடி எடுத்து வைத்தால் நூற்றுப் பதினெட்டு நாள் பாழ். புருஷன் மண் காயுமுன் தெருவுக்கு வந்தவள் என்று அவள் சாகும்வரை சொல்வார்கள். சொன்னால் சொல்லட்டும் என்று தாழ்ப்பாளை நெம்பினாள். காலில் ஏதோ உரசியது. கராஃபு. அறையை விட்டு வரக் கூடாத கராஃபு. அவள் குதிகாலில் தன் கனத்தையெல்லாம் சாய்த்துப் படுத்துக்கொண்டது. துணி வழியாக வெதுவெதுப்பு. உள்ளே ஒரு அசைவு.

அவள் திரும்பி உள்ளறைக்கு நடந்தாள். அது பின்னாலேயே வந்தது.

ஒன்பதாம் நாள் ஜோஹாவிடம் கெஞ்சினாள். "எடுத்துட்டுப் போடி. உன் வீட்டுல வச்சுக்கோ. ஒரு நாளு."

"ஒரு பூனைக்கா இப்படி நடுங்கறீங்க?" ஜோஹா சிரித்துக்கொண்டே குனிந்து தூக்கினாள். சிரிப்பு நின்றது. முழங்கால் உயரம்கூடத் தூக்க முடியவில்லை. கீழே வைத்துவிட்டுக் கைகளை மேல்துணியில் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"மதனி."

"ம்."

"நாளைக்கு டாக்டரக் கூட்டிட்டு வர்றேன். யாரு எண்ணுனா எண்ணிக்கட்டும்."

பத்தாம் நாள் முற்பகல். சபுரா உள்ளறையில், திரையிலிருந்து ஒரு கை தூரத்தில் பாயில் உட்கார்ந்தாள். பூனை தானாகவே எழுந்து திரைக்கு அடியில் அந்தப் பக்கம் போனது. மேசை கிறீச்சிட்டது. மருந்து வாடை வந்தது. துணியை அவிழ்க்கும் சத்தம்.

"அக்கா, இது யாரு போட்டது?"

ஜோஹாதான் பதில் சொன்னாள். "மொதல்ல பிரிங்க டாக்டர். அப்புறம் சொல்றோம்."

கத்தரிக்கோல். சின்ன, சுத்தமான சத்தம். அவர் வழக்கம்போல் வாய்விட்டு எண்ணினார். ஒன்று. இரண்டு. ஒன்பதுக்கு வந்தபோது சபுரா தன்னை அறியாமல் மூச்சை விட்டாள். பத்து என்றார். இருபது. இருபத்தெட்டு. முப்பத்தொன்று.

முப்பத்தொன்றுக்குப் பிறகு அவர் எண்ணவில்லை.

கத்தரிக்கோல் மட்டும் வெட்டிக்கொண்டிருந்தது.

"ஜோஹா?"

திரையின் கீழ் விளிம்புக்கும் தரைக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி. அதில் நாலு பாதங்கள் தெரிந்தன. இரண்டு ஜோஹாவுடையது, மருதாணி மங்கிய நகங்கள். இரண்டு அவருடையது, கறுப்புக் காலுறை. நாலும் அசையவில்லை.

வெட்டு. வெட்டு.

திரையை விலக்கலாம். ஒரு கை தூரம். விலக்கினால் அந்நிய ஆண். அந்த நேரத்திலும் அவளுக்கு அது தோன்றியது, அதுதான் முதலில் தோன்றியது. நீட்டிய கை பாதியில் நின்றது.

"மதனி." ஜோஹாவின் குரல், மிக மெதுவாக. பல்லைக் கடித்துக்கொண்டு பேசுவது போல. "வராதீங்க."

வெட்டு நின்றது.

ஈரமில்லாத, உலர்ந்த ஏதோ மேசையிலிருந்து இறங்கியது. தரை அதிர்ந்தது. அதன் பின்னால் வேறொன்று இறங்கியது. அது சத்தமே இல்லாமல்.

திரை அடியில் கராஃபு வந்தது. காற்று தள்ளிய துணி போல நடந்து வந்தது. மடியில் ஏறியது. எடையே இல்லை. வயிறு நெஞ்சு வரை திறந்திருந்தது. ரத்தம் இல்லை, குடல் இல்லை, ஒன்றும் இல்லை. உள்ளே வெள்ளையாக, துடைத்து வைத்தது போல. விளிம்பு நெடுக ஊசிக்கண் அளவுத் துளைகள். அது இரண்டு சுற்றுச் சுற்றியது, எப்போதும் போல. படுத்தது, எப்போதும் போல. முன்னங்கால்களால் அவள் தொடையை மாறி மாறி அழுத்தியது. கண்ணை மூடியது.

குர்குர் ஒலி எழுந்தது. நிம்மதியான பூனையின் ஒலி.

அவள் அதன் தொண்டையில் விரல் வைத்தாள். தொண்டை அசையவில்லை.

ஒலி திரைக்கு அந்தப் பக்கமிருந்து வந்தது. ஆள் உயரத்திலிருந்து.

பிற்பகல் தொழுகைக்குப் பிறகு, மூன்றாம் தடவையாக வந்த ஆம்பிளைச் செருப்பு இன்னும் வாசலிலேயே கிடக்கிறது என்று நான்தான் ஆட்களைக் கூப்பிட்டேன். கதவை உடைத்தார்கள். டாக்டரும் ஜோஹாவும் முன்னறைச் சுவரோரம் சாய்ந்து, தங்கள் வயிற்றைத் தங்களிடமிருந்து தள்ளி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். உயிரோடுதான். வேறு எதுவும் அங்கே இல்லை. டாக்டர் முதிசோ வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டார்; சட்டையைக் கழற்றுவதில்லை என்று அவர் மனைவி எழுதியிருந்தாள். ஜோஹா மலிந்தியில் மகள் வீட்டில் இருக்கிறாள். சாப்பிடுவதில்லை, போன மாதம் அவளைக் கட்டிலிலிருந்து இறக்க ஐந்து பேர் வேண்டியிருந்தது. கராஃபு இன்னும் சபுராவின் மடியில் இருக்கிறது. காற்றடித்தால் அதன்மேல் கை வைத்துக்கொள்கிறாள். சபுராவின் இத்தா முடிந்து ஏழு வருடம் ஆகிறது. அவள் உள்ளறையை விட்டு வரவில்லை. சந்து குறுகல், தினமும் என் ஜன்னலிலிருந்து அவள் ஜன்னலுக்குத் தட்டை நீட்டுகிறேன். வாங்கிக்கொள்கிறாள். நாங்கள் அதிகம் பேசுவதில்லை. பேசாதபோது அவள் முதுகுக்குப் பின்னால், அந்த நீலத் திரைக்கு அந்தப் பக்கமிருந்து வரும் குர்குர் ஒலி எனக்கும் கேட்கிறது.