அழுகை மட்டும் நிஜம்

"ஏங்க... எதுக்குங்க இப்பிடி அழுகுறீங்க? எவனாச்சும் கூட்டியாந்து நடுரோட்டுல விட்டுட்டுப் போயிட்டானா?"

ஞானஜோதி திடுக்கிட்டு நிமிர்ந்தாள்.

குமுளியில் விடிந்ததிலிருந்தே மழை. திறக்காத ஏலக்காய்க் கடையொன்றின் வாசலில், தகரக் கூரைக்குக் கீழே அவள் ஒதுங்கி நின்றிருந்தாள். எதிரே ஒரு ஜீப். அதிலிருந்து பாதி உடம்பை வெளியே நீட்டிக்கொண்டு ஒருவன். நனைந்த முடி நெற்றியில் ஒட்டியிருந்தது. அந்தக் கண்கள்... கேலி துளியும் இல்லாமல், நிஜமாகவே பதறிப்போயிருந்த கண்கள்.

"போலீசுக்குச் சொல்லட்டுமா? சொந்த ஊரு எது?"

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கன்னத்தில் வழிந்த நீரைத் துப்பட்டாவால் துடைத்தாள்.

"ஏனுங்க, நெசமாலுமே நம்பிட்டீங்களா?"

"எதைய?"

"நான் அழுததைங்க! நடிச்சுப் பாத்துட்டு இருந்தனுங்க. இன்னைக்கு இங்க சினிமாவுக்கு ஆள் எடுக்கறாங்கல்ல, அதுக்கு."

அவன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! காது மடல் வரை சிவந்தது. "நல்லா ஏமாத்துனீங்க..." என்று முணுமுணுத்தபடி ஜீப்பைக் கிளப்பினான். போகிற போக்கில் ஒருமுறை திரும்பிப் பார்த்தான். அவளும் பார்த்தாள்... மழை நடுவில் திரை போட்டது.

நல்ல சகுனம் என்று நினைத்துக்கொண்டாள் ஞானஜோதி. ஊர் பேர் தெரியாத ஒருவன் நம்பிவிட்டானே!

கோயமுத்தூர் எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தென்னந்தோப்பும் கத்திரிக்காய்க் காடுமாக வாழ்கிற குடும்பம் அவளுடையது. படிப்பு முடிந்ததிலிருந்து நடிக்க வாய்ப்புத் தேடிக் கொச்சிக்கும் கோயமுத்தூருக்கும் நடந்துகொண்டிருக்கிறாள். போகிற இடமெல்லாம் ஒரே பதில்... "கூப்பிடறோம்." யாரும் கூப்பிட்டதில்லை. வேண்டாம் என்றால்கூட அவளுக்குத் தாங்கும். ஏன் வேண்டாம் என்று ஒருவரும் சொல்லாததுதான் தாங்கவில்லை. உயரமா? நிறமா? குரலா? தெரிந்தால் அல்லவா திருத்திக்கொள்ள? இந்தத் தடவை மலையாளப் படம். ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கிற தமிழ்ப் பெண்ணின் வேடம். குமுளியில் ஓட்டல் வேலை பார்க்கும் தோழி இந்துதான் தகவல் சொல்லி, தன் அறையில் தங்க வைத்திருந்தாள்.

கல்யாண மண்டபத்தின் மாடியில் தேர்வு நடந்தது. உள்ளே நுழைந்தவளுக்குப் பாதம் தரையில் ஒட்டிக்கொண்டது. டைரக்டருக்குப் பக்கத்து நாற்காலியில்... அவன்! ஜீப்புக்காரன்!

"இது பாண்டீஸ்வரன்" என்றாள் உதவி டைரக்டர் சிஞ்சு. "உடும்பஞ்சோலைத் தோட்டத்துல பிறந்த ஆள். பேச்சு சரியானு பார்த்துச் சொல்வாரு."

புருஷன் விட்டுவிட்டுப் போகிற காட்சி. ஞானஜோதி உயிரைக் கொடுத்து நடித்தாள். "என்னிய விட்டுப்புட்டு எங்கய்யா போற..." என்று தரையில் சரிந்து அவள் கதறியபோது சிஞ்சுவே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

டைரக்டர் திரும்பினார். "பாண்டி, எப்படி?"

அவன் தலையைச் சொறிந்தான். அவளைப் பார்த்தான். தரையைப் பார்த்தான்.

"அழுகை நெசம் சார்" என்றான் மெதுவாக. "பேச்சு நெசமில்ல. எங்க பொம்பளைங்க இப்பிடிப் பேச மாட்டாக."

"சரி... நாங்க கூப்பிடறோம்" என்றார் டைரக்டர்.

படியிறங்கும்போது அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. காலையில் நம்பினானே... இப்போது எல்லோர் முன்னாலும் இப்படிப் போட்டு உடைத்துவிட்டானே! நேரே போய் ஜீப்பின் கதவோரம் நின்றாள். மத்தியானச் சாப்பாட்டுக்கு அவன் இறங்கி வரும்வரை அசையவில்லை.

"ஏனுங்க, உங்களுக்கு நான் என்னங்க கெடுதல் பண்ணினேன்?"

"ஒண்ணும் பண்ணலயே."

"பொறவு எதுக்குங்க அப்படிச் சொன்னீங்க?"

"அவரு கேட்டாரு. பொய் சொல்ல வரல."

திட்டுவதற்கு வாயைத் திறந்தவள் அப்படியே நிறுத்தினாள். இத்தனை வருஷத்தில் அவளுக்குக் காரணம் சொன்ன முதல் ஆள் இவன்! கோபத்துக்குள்ளிருந்து ஒரு ஆர்வம் மெல்லத் தலையை நீட்டியது.

"அப்ப... எப்படிங்க பேசுவாங்க?"

அவன் கண்ணில் முதல் தடவையாக ஒரு சிரிப்பு மின்னியது. "தெனமும் காலையில கம்பத்துல இருந்து தோட்டத்துக்கு ஆளு ஏத்திக்கிட்டு வாரேன். செக்போஸ்டுகிட்ட நில்லுங்க. ஏறி உக்காந்து நீங்களே கேளுங்க. ஆனா ஒண்ணு..."

"என்னங்க?"

"அந்த 'ங்க'வை மட்டும் ரோட்டுலயே எறக்கி வச்சுட்டு ஏறணும்."

"அதெப்படீங்க முடியுமுங்க?" என்றாள் அவள். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

*

மறுநாள் பனிக்குள்ளிருந்து ஜீப் வந்தது. நெருக்கியடித்து உட்கார்ந்திருந்த பெண்கள் இவளுக்கு இடம் பண்ணிக் கொடுத்தார்கள். ஜன்னலோரம் இருந்த குருவம்மாள், "யாருடா பாண்டி இந்தப் புள்ள? ஒனக்குப் பாத்துருக்காகளா?" என்று சத்தமாகக் கேட்டாள். ஜீப்பே குலுங்கிச் சிரித்தது. ஓட்டுகிறவனின் காது மடல் மறுபடி சிவந்ததைக் கண்ணாடியில் பார்த்தாள் ஞானஜோதி. பார்த்ததை அவனும் பார்த்துவிட்டான்...

அன்றோடு நிற்கவில்லை. அடுத்த நாளும் போனாள். அதற்கடுத்த நாளும். ஏலச் செடிகளின் நடுவே அவர்களோடு குனிந்து காய் எடுத்தாள். விரல் நுனி கறுத்தது. அட்டை கடித்தது. பேச்சு காதில் விழுந்துகொண்டே இருந்தது... இம்புட்டு, அம்புட்டு, அங்கிட்டு, இங்கிட்டு. வார்த்தையைப் பிடிப்பது சுலபமாக இருந்தது. எந்த இடத்தில் வார்த்தையே வராது என்பதைப் பிடிப்பதுதான் கஷ்டம்.

ஒருநாள் கஞ்சி குடிக்கும் நேரத்தில் புருஷன் விட்டுவிட்டுப் போன குருவம்மாளிடமே கேட்டுவிட்டாள். "அக்கா... உங்க வீட்டுக்காரரு போன அன்னிக்கு என்ன சொன்னீங்க?"

குருவம்மாள் தூக்குவாளியை மூடினாள். "என்னத்தச் சொல்ல? மழை பேஞ்சுச்சு. கொடையை எடுத்துட்டுப் போய்யான்னேன்."

"அவ்வளவுதானா?"

"அம்புட்டுத்தான். நனைஞ்சா அவருக்குச் சளி புடிக்கும்ல."

ஞானஜோதிக்கு மேலெல்லாம் சிலிர்த்தது. தான் தரையில் விழுந்து கதறியதெல்லாம் எவ்வளவு அந்நியமாக இருந்திருக்கும்! "அக்கா, இதை நான் நடிக்கறப்ப சொல்லிக்கலாமா?"

"சொல்லு தாயி. படத்தப் பாத்தாவது அந்த மனுசன் திரும்பி வரட்டும்."

சாயங்காலம் செக்போஸ்டில் இறங்கியபோது பாண்டீஸ்வரன் பால் விடாத கட்டன் சாயா வாங்கித் தந்தான். தூறல் விழுந்தது. இருவரும் ஜீப்போடு ஒட்டி நின்றார்கள். தோப்பு, காடு, அண்ணன் என்று வீட்டுக் கதையைச் சொல்லிக்கொண்டே வந்தவள் பேச்சை மாற்றினாள்.

"இன்னைக்கு எப்பிடிப் பேசுனேன்?"

"பத்துக்கு ஒரு 'ங்க' வருது."

"தேவலையே!"

"ஆனா..." அவன் டம்ளரைப் பார்த்தபடி சொன்னான், "அது வராட்டி எனக்கு என்னமோ மாதிரி இருக்கு."

என்ன மாதிரி? கேட்க நினைத்தாள். கேட்கவில்லை. எதையும் ஏன் என்று கேட்டுத் துளைக்கிறவள், அந்த ஒன்றை மட்டும் நெஞ்சுக்குள் மடித்து வைத்துக்கொண்டு நடந்தாள்.

*

இடி மறுநாள் விழுந்தது. சிஞ்சுவிடமிருந்து போன்.

"ஞானஜோதி, அந்த வேஷத்துக்குக் கொச்சிப் பெண்ணை எடுத்தாச்சு. ஆனா அவளோட தங்கச்சி வேஷம் இருக்கு. நீங்க வந்து பாருங்க. பாண்டிச் சேட்டன் ரொம்பக் கேட்டுக்கிட்டாரு... ரெண்டு தடவை வந்து சொன்னாரு."

வேஷம் போனது வலித்தது. ஆனால் அதைவிட, அவன் போய்க் கேட்டுக்கொண்டான் என்பது சுருக்கென்று தைத்தது. ஜீப்பைத் தேடிப் போய் நின்றாள்.

"எனக்காக யாரும் கெஞ்ச வேண்டாமுங்க! எத்தனையோ இடத்துல கூப்பிடறோம்னு சொல்லித் திருப்பி அனுப்பியிருக்காங்க. ஒரு இடத்துலயும் நான் கையேந்தி நின்னதில்லை. நீங்க யாருங்க எனக்காகக் கையேந்தறதுக்கு?"

அவன் முகம் சுருங்கியது. "கெஞ்சல. அன்னைக்கு நான் சொன்னது இன்னைக்கு உண்மையில்ல. அதைப் போய்ச் சொன்னேன். அம்புட்டுத்தான்."

"என்னைக் கேட்டீங்களா?"

"கேக்கல... தப்புதான்." ஜீப்பில் ஏறிக்கொண்டே, "நான் யாருன்னு கேட்டீங்கள்ல... அதுவும் சரிதான். தோப்பும் காடும் இருக்கிற வீட்டுப் புள்ள. நான் தோட்டத்துக் கூலிக்காரங்க லயத்துல பொறந்தவன்" என்றான். ஜீப் போய்விட்டது.

அறைக்கு வந்து பையில் துணிகளைத் திணித்தாள். அண்ணன் மோகனசுந்தரம் வேறு கூப்பிட்டார். "ஏனம்மிணி, போதுமல்லோ? ஊட்டுக்கு வா. அம்மா உன்னையவே நெனச்சுட்டுக் கெடக்குது."

"வர்றனுங்கண்ணா..."

பஸ் நிலையம் வரைக்கும் போனாள். கம்பம் பஸ் புறப்படத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. ஒரு காலைப் படியில் வைத்தவள் யோசித்தாள். எதற்காக இந்தக் கோபம்? அவன் போய்ச் சொன்னதற்கா... அல்லது, நான் இத்தனை தூரம் வந்து அந்தத் தங்கச்சி வேஷமும் கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயத்தாலா? முடியாது என்று அவர்கள்தான் சொல்லட்டுமே... அவர்களுக்கு முன்னால் நானே ஏன் சொல்லிக்கொள்ள வேண்டும்?

காலை எடுத்துக்கொண்டாள். பஸ் போயிற்று.

*

மண்டபத்து மாடியில் அவளைப் பார்த்ததும் சிஞ்சு கட்டைவிரலை உயர்த்தினாள். டைரக்டருக்குப் பக்கத்தில் பாண்டீஸ்வரன். அவளைக் கண்டதும் எழுந்தவன், என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தான்.

"சார், எந்த வேஷம் குடுத்தாலும் சரிங்க" என்றாள். "ஆனா அந்தப் பழைய காட்சியையே இன்னொரு தடவை செஞ்சு காட்டறேன். நல்லா இல்லைன்னா, ஏன் நல்லா இல்லைன்னு மட்டும் சொல்லிடுங்க."

டைரக்டர் புருவத்தை உயர்த்தித் தலையசைத்தார்.

இந்த முறை அவள் கதறவில்லை. விழவில்லை. வெறும் காற்றில் ஒரு தூக்குவாளியைக் கழுவிக் கவிழ்த்தாள். வாசல் பக்கம் பார்த்தாள். போகிறவனின் முதுகு அங்கே தெரிவதுபோல் இருந்தது.

"மழை வருது... கொடையை எடுத்துட்டுப் போய்யா."

அவ்வளவுதான். கையைச் சேலை முந்தியில் துடைப்பதுபோல் துடைத்துக்கொண்டு, திரும்பி வேலையைப் பார்த்தாள். கண்ணில் ஒரு சொட்டு இல்லை.

கூரையில் மழைச் சத்தம் மட்டும்.

"பாண்டி..." டைரக்டரின் குரல் தணிந்திருந்தது. "பேச்சு சரியா?"

பாண்டீஸ்வரன் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினான்.

"பாண்டி?"

"என்னைய கேக்காதீங்க சார்."

"ஏன்? நீதானே சொல்லணும்?"

"அன்னைக்குத் தெரிஞ்சுச்சு, சொன்னேன். இப்பத் தெரியல." அவன் எழுந்து நின்றான். "இப்ப அவுக எதைப் பேசினாலும் எனக்குச் சரியாத்தான் கேக்குது. வேற ஆரையாச்சும் கேளுங்க..."

சொல்லிவிட்டு விறுவிறுவென்று படியிறங்கிப் போய்விட்டான். சிஞ்சு வாயைப் பொத்திக்கொண்டாள். டைரக்டர் ஒரு நொடி விழித்தார். பிறகு மண்டபம் அதிரச் சிரித்தார். "சரி, எனக்கே தெரியுது. தங்கச்சி வேஷம் உங்களுக்குத்தான். நாலே காட்சி... ஆனா கடைசிக் காட்சி உங்களோடதுதான். இப்ப ஓடிப் போங்க!"

ஞானஜோதி ஓடினாள். முதல் வேஷம் கிடைத்த சந்தோஷமா, வேறொன்றா... படிகள் காலில் படவேயில்லை.

ஜீப்பின் மறுபக்கம், மழையில் நின்றுகொண்டிருந்தான் அவன்.

"எதுக்குங்க ஓடி வந்துட்டீங்க?"

"எல்லார் முன்னாலயும் ஒளறிட்டேன்..." அவன் நிமிரவில்லை. "ஒங்க அண்ணன், ஒங்க வீடு... எனக்குத் தெரியும். ஒண்ணும் எதிர்பாக்கல. ஆனா பொய் சொல்ல வரல."

"அண்ணன்கிட்ட நான் பேசிக்கறேன். மொதல்ல கோவிப்பாரு. மறுபடியும் கேப்பேன். கூப்பிடறோம்னு கேட்டுக் கேட்டுப் பழகினவதானுங்க நான்... அதுக்கெல்லாம் அசர மாட்டேன்." அவள் ஒரு அடி நெருங்கினாள். மழை அவள் இமைகளில் தொங்கியது. "நீங்க சொல்லிட்டீங்க. நான் சொல்றதைக் கேக்க வேண்டாமுங்களா?"

அவன் மெல்லத் தலையை உயர்த்தினான்.

"காமெரா முன்னாடி குருவம்மாள் அக்கா மாதிரிப் பேசறேன். இன்னும் என்னென்ன பேச்சு படிக்கச் சொன்னாலும் படிக்கறேன். ஆனா உங்ககிட்ட மட்டும்..." வெட்கம் முகத்தில் ஏறியது. "உங்ககிட்ட மட்டும் எங்க ஊட்டுப் பேச்சுலதான் பேசுவனுங்க. எனக்கு உங்களை ரொம்பப் புடிச்சிருக்குதுங்க..."