சிவப்புச் சேவலுக்கு ஒரு தலைப்பு

ஷாமிளாவின் ஆந்தையை ஒரு வாரத்தில் இரண்டே பேர்தான் பார்த்திருந்தார்கள். ஒருவர் றுகையா டீச்சர். மற்றவர் ஷாமிளாவேதான்.

நூரியாவின் நீலத் துணி யானையையோ நூற்றுப் பதினான்கு பேர் பார்த்திருந்தார்கள். ஒன்பது பேர் போட்டி போட்டு விலை கேட்டு, கடைசியில் கொழும்பில் யாரோ அதை வாங்கியும் விட்டார்கள்.

அது 2008ஆம் ஆண்டு. நிவித்திகலைக்குப் பக்கத்தில், ரப்பர் தோட்டத்தின் ஓரமாக இருந்த அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக ஒரு கணினியும் இணைய இணைப்பும் வந்திருந்தன. ஆறாம் தரப் பிள்ளைகள் செய்த கைவேலைகளை இணைய ஏலத்தில் விற்று, வாசிகசாலைக்குக் கதைப் புத்தகங்கள் வாங்கலாம் என்று றுகையா டீச்சர் சொன்னார்.

பொருளுக்கு ஒரு தலைப்பு, அதை ஏலத் தளத்தின் எந்தப் பிரிவில் போடுவது என்ற முடிவு. இந்த இரண்டையும் பிள்ளைகளே ஒரு தாளில் எழுதித் தர வேண்டும். டீச்சர் அதை ஆங்கிலமாக்கி, படத்தோடு ஏலத்தில் போடுவார். வாரத்துக்கு ஐந்து பொருள்கள்தான்.

ஷாமிளா ரப்பர் விதைகளை ஒட்டி ஒட்டி ஓர் ஆந்தை செய்திருந்தாள். புள்ளி புள்ளியாக மின்னும் விதைகள் அசல் இறகு மாதிரியே இருந்தன. தலைப்பாக, 'சூப்பரோ சூப்பர்! உடனே வாங்குங்கள்!' என்று எழுதினாள். பிரிவு, 'இரத்தினக்கற்கள், நகைகள்'.

"ஷாமிளா, ஆந்தைக்கு இந்தப் பிரிவா? நிச்சயமா?" என்று டீச்சர் கேட்டார்.

"அங்கதான் டீச்சர் நெறைய பேரு வருவாங்க!"

வந்தார்கள்தான். மோதிரம் தேடி வந்தவர்கள் எவரும் ஆந்தையைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அன்றிலிருந்து ஷாமிளாவுக்கு நூரியா சிரித்தால் எரிச்சல். இருமினாலும் எரிச்சல். 'நாலு துண்டுத் துணிய வச்சு தச்சா யானையா? என் ஆந்தைக்கு முன்னாடி அது எம்மாத்திரம்?' என்று மனம் புகைந்துகொண்டே இருந்தது.

அடுத்த வாரம் நூரியா ஒரு சிவப்புத் துணிச் சேவலோடு வந்தாள். தாளை எடுத்து எழுதப் போகும்போது வாசலில் அவளை வீட்டுக்கு ஏற்றிப் போகும் வான் வந்து ஹோர்ன் அடித்தது.

"ஷாமிளா, என்ட தாளையும் நீயே எழுதி டீச்சருக்குக் குடேன். வான் போயிரும்!" சேவலை ஷாமிளாவின் கையில் திணித்துவிட்டு அவள் ஓடினாள்.

ஷாமிளா சேவலைப் பார்த்தாள். கொண்டையும் வாலும் எவ்வளவு அழகு! அழகாக இருந்ததுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. பேனையைத் திறந்து, 'ஒரு துணிச் சாமான்' என்று தலைப்பு எழுதினாள். பிரிவு, 'மற்றவை'.

ஒரு வாரம் போனது. சேவலை ஒருவரும் கேட்கவில்லை.

'அப்பாடா' என்று ஷாமிளா நினைத்தாள். ஆனால் அந்த அப்பாடா இடைவேளை வரைக்கும்கூட நிலைக்கவில்லை.

நூரியா வகுப்பின் மூலையில் உட்கார்ந்து, சின்னக் கத்தரிக்கோலால் சேவலின் வாலைப் பிரிக்கத் தொடங்கியிருந்தாள்.

"என்ன செய்ற?" ஷாமிளா பதறிப்போனாள்.

"ஒத்தருக்கும் புடிக்கல்லயே. தையல் கோணல்போல. பிரிச்சிட்டுத் துணிய வாப்பாட தையல் கடையிலயே குடுத்திருவேன். இனி நான் தைக்கமாட்டேன்." நூரியாவின் மூக்கு சிவந்திருந்தது.

ஷாமிளா கத்தரிக்கோலைப் பிடித்துக்கொண்டாள். "தையல்ல ஒரு பிழையும் இல்ல. நான்தான்... தாள்ல வேணும்னே மோசமா எழுதுனேன்."

"வேணும்னே? ஏன்?"

"உன்னோட யானைய எல்லாரும் பாத்தாங்க. என்னோட ஆந்தைய ஒருத்தரும் பாக்கல."

நூரியா கத்தரிக்கோலிலிருந்து கையை எடுத்தாள். சேவலை மேசையில் வைத்துவிட்டு எழுந்து வெளியே போய்விட்டாள். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை போலிருந்தது ஷாமிளாவுக்கு.

சேவலையே பார்த்துக்கொண்டிருந்தபோது அவளுக்கு ஒன்று உறைத்தது. யானையைத் தைத்ததும் சேவலைத் தைத்ததும் ஒரே கை. துணியும் ஒரே கடைத் துணி. தாளில் இருந்த இரண்டு வரிகள்தான் வேறு. அப்படியென்றால் தன் ஆந்தை? சாமான் வாங்க வருகிறவர் 'சூப்பரோ சூப்பர்' என்றா தேடுவார்?

பிறகு எப்படித் தேடுவார்? ஷாமிளா சேவலைத் தூக்கிக்கொண்டு முதலாம் தர வகுப்புக்கு ஓடினாள். அங்கே அவளுடைய தம்பி தனுஷனும் கூட்டாளிகளும் இருந்தார்கள்.

"இது என்னான்னு சொல்லுங்க பாப்போம்!"

"செவப்புச் சேவல்!" எல்லோரும் கத்தினார்கள்.

"எதுல செஞ்சது?"

"துணியில!"

"எவ்வளவு பெருசு?"

தனுஷன் கையை விரித்து அளந்தான். "ஒரு சாண்!"

"இத வச்சு என்ன செய்வீங்க?"

"வெளையாடுவோம்! குடு அக்கா!" ஆறு கைகள் ஒன்றாக நீண்டன. சேவலைக் காப்பாற்றிக்கொண்டு வருவதற்குள் ஷாமிளாவுக்குப் பெரும்பாடாகிவிட்டது.

பிரித்த வாலை அவளே மெதுவாகத் தைத்தாள். அந்தத் தையல் உண்மையிலேயே கோணல்தான். பிறகு தாளை எடுத்து எழுதினாள்: 'கையால் தைத்த சிவப்புத் துணிச் சேவல், ஒரு சாண் உயரம்'. பிரிவு: 'பொம்மைகள்'.

"இந்த வாரம் ஒரு இடம்தான் மிச்சம் இருக்கு. அதுல உங்க ஆந்தையத் திரும்பப் போடலாம்னு நெனச்சேன்" என்றார் தாளை வாங்கிப் பார்த்த டீச்சர்.

ஷாமிளா ஒரு கணம் தயங்கினாள். ஆந்தைக்கும் நல்ல தலைப்பு அவள் மனதில் தயாராக இருந்தது.

"சேவலையே போடுங்க டீச்சர்" என்றாள்.

சேவலை ஏலத்தில் போட்ட மூன்றாம் நாள் கணினியைச் சுற்றி ஒரே கூட்டம். சேவலை எழுபது பேர் பார்த்திருந்தார்கள். ஐந்து பேர் விலை கேட்டிருந்தார்கள். ஷாமிளாவுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. மனதின் ஓரத்தில் கொஞ்சம் எரியவும் செய்தது.

"உன்ட இடத்தையா குடுத்த? டீச்சர் சொன்னாங்க." பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஷாமிளாவுக்குப் பின்னால் நூரியா நின்றாள். நான்கு நாளுக்குப் பிறகு அவள் பேசிய முதல் வார்த்தை அது.

ஷாமிளா தலையாட்டினாள்.

"இன்னும் பொறாமையா?"

"கொஞ்சம்" என்றாள் ஷாமிளா. பொய் சொல்ல வரவில்லை.

"எனக்கும்தான். உன்ட ஆந்தையப் பார்த்த அன்டைக்கு எனக்கு ராவு சோறே இறங்கல்ல." நூரியா பெஞ்சில் இடித்துக்கொண்டு உட்கார்ந்து, புதிய தாள் ஒன்றை இழுத்தாள். "தள்ளு. அடுத்த கிழமை ஆந்தைக்கு நான் எழுதுறேன்."

"வேணும்னே மாத்தி எழுதிடமாட்டியே?"

"எழுதினாலும் எழுதுவேன்" என்று சொல்லிவிட்டு, நூரியா எழுத்துப் பிழை ஒன்றும் வராமல் மெல்ல மெல்ல எழுதத் தொடங்கினாள்: 'ரப்பர் விதையில் செய்த ஆந்தை...'