காதடைத்த குதிரை

செத்தவனின் நெற்றியில் லாடம் பதிந்திருந்தது.

தெளிவாக... முத்திரை குத்தியது போல!

மெல்பர்ன் நகரத்தின் நட்டநடுவே, கேரிக் பார்க் மைதானத்தின் புதுக் குதிரைக் கொட்டடி. வைக்கோல் மேல் மல்லாந்து கிடந்தான் மர்ரி கில்ஃபாய்ல். பந்தய வண்டியில் ஏறி உட்கார்ந்தால் எமனையே முந்திவிடுவான் என்று பெயர் வாங்கியவன்.

இன்று எமன் முந்திவிட்டான்.

கொட்டடியின் மூலையில் ஜூனிபர் நின்றிருந்தது. கறுப்புப் பெண்குதிரை. நிதானமாகப் புல்லை மென்றுகொண்டிருந்தது.

"குற்றவாளி காலைச் சாப்பாட்டுல இருக்கு மேடம்," என்றான் கான்ஸ்டபிள் ட்ரான்.

சார்ஜென்ட் டிமிட்ரா கப்சாலிஸ் சிரிக்கவில்லை.

வானம் ஈயமாகத் தொங்கியது. மதிலுக்கு அப்பால் டிராம் மணி அடித்து ஓய்ந்தது. மைதானத்தைச் சுற்றிலும் காலி இருக்கைகள்... ஆயிரக்கணக்கான வாய்கள் திறந்து காத்திருப்பது போல.

மாலையில் இங்கே முதல் பந்தயம்!

ஊருக்கு வெளியே, பத்துக் கிழவர்கள் மட்டும் பார்த்துக் கைதட்ட, மூச்சிழுத்துக்கொண்டிருந்தது வண்டிக் குதிரைப் பந்தயம். அதை நகரத்துக்குள் கூட்டி வந்தவர் லோனர்கன். கால்பந்து மைதானத்தைச் சுற்றிக் குட்டி ஓடுபாதை, பியர், பாட்டுக் கச்சேரி, டிராமில் வந்திறங்கப் போகும் இளசுகள்... நகரத்துச் சுவர் முழுக்க ஜூனிபரின் முகம்தான்.

லோனர்கன் கைகளைப் பிசைந்துகொண்டு சொன்னதன் சாரம் இது: விடிகாலை டிராம் மணியடித்திருக்கிறது. கிராமத்துக் குதிரை மிரண்டு உதைத்திருக்கிறது. பின்னால் நின்றவன் போய்ச் சேர்ந்துவிட்டான். பரிதாபம்தான். ஆனால் விபத்து.

பிணத்தை முதலில் பார்த்தவள் மர்ரியின் மகள் டெஸ். அவளும் அதையேதான் சொன்னாள். அழவில்லை. வைக்கோல் ஒட்டிய ஸ்வெட்டரின் கையை இழுத்து இழுத்து விட்டபடி, அப்பாவுக்குப் பின்பக்கமாகப் போய் நிற்கும் பழக்கம் உண்டு, எத்தனை சொன்னாலும் கேட்கமாட்டார் என்றாள்.

கப்சாலிஸ் தலையாட்டினாள். சடலம் ஆம்புலன்ஸில் ஏறியது. கிளம்பவேண்டியதுதான்.

அப்போதுதான் லோனர்கன் வாயைத் திறந்தார்.

"டாக்டர் வந்துட்டிருக்கார். மதியத்துக்குள்ள முடிச்சுடுவோம்."

"எதை?"

"குதிரையை. சுத்தி வீடுங்க இருக்கில்லையா... பயந்தாங்க. மனுஷனைக் காயப்படுத்தற குதிரை இங்கேர்ந்து உயிரோட போகாதுன்னு நகராட்சிக்கு எழுதிக் கொடுத்துத்தான் இந்த இடத்தை வாங்கினேன்."

டெஸ்ஸின் கை ஸ்வெட்டரில் அப்படியே நின்றது.

"ஊர்ல யாரும் அப்படிச் செய்யமாட்டாங்களே..." என்றாள். "உதைபட்டவனைத்தானே திட்டுவாங்க?"

"இது ஊரில்லைம்மா. சிட்டி."

அப்பனின் பிணத்தைப் பார்த்தபோதுகூட வெளுக்காத முகம்... இப்போது வெளுத்தது!

கப்சாலிஸ் கார்க் கதவைத் திறந்தபோது பின்னால் காலடி ஓசை. டெஸ்தான். மூச்சிரைத்தது.

"மேடம்... அது விபத்து இல்லை."

"அப்புறம்?"

"எங்கப்பாவைக் கொன்னுட்டாங்க."

கொட்டடிக்குத் திரும்பினார்கள். அதே நேரம் மைதானத்தின் ஒலிபெருக்கிகளை யாரோ சோதித்தார்கள். பதிவு செய்த கூட்டத்தின் கூச்சல்... காலி இருக்கைகளிலிருந்து பேய்க்கூட்டம் போல் எழுந்து அறைந்தது!

ட்ரான் துள்ளிக் குதித்தான். கப்சாலிஸின் கை தானாகத் துப்பாக்கிக்குப் போனது.

ஜூனிபர்?

புல்லை மென்றுகொண்டிருந்தது!

டெஸ் குதிரையின் தலையை அணைத்துக் காதுகளைக் காட்டினாள். உள்ளே மெத்தென்று இரண்டு அடைப்பான்கள். அவற்றிலிருந்து மெல்லிய கயிறு பிடரி வழியே தொங்கியது. போலீஸ்காரர்கள் அதைச் சேணத்தின் ஏதோ ஒரு வார் என்று நினைத்திருந்தார்கள்.

எங்கள் பந்தயத்தில் எல்லோரும் செய்வதுதான் என்று விளக்கினாள். சத்தத்தில் குதிரை பதறாமலிருக்கக் காதை அடைத்து ஓட்டுவார்கள். கடைசி வளைவில் கயிற்றைச் சுண்டினால் அடைப்பான் கழன்று விழும். திடீரென்று கூட்டத்தின் இரைச்சல் காதில் பாயும். குதிரை சிட்டாகப் பறக்கும்.

"அடைச்ச காதுல டிராம் மணி எப்படிக் கேட்கும் மேடம்? மிரளாத குதிரை எதுக்கு உதைக்கும்?"

"நீ காலையில பார்த்தப்பவே அடைச்சிருந்ததா?"

"அடைச்சிருந்தது."

கப்சாலிஸ் அவளையே பார்த்தாள். பிறகு, நேற்று மர்ரியோடு யாராவது தகராறு செய்தார்களா என்று ட்ரானை விசாரிக்கச் சொன்னாள். ஒரே ஒரு பெயர்தான் வந்தது.

க்ளைவ் ஹெண்ட்ரா. மர்ரியின் மச்சான். டெஸ்ஸின் தாய்மாமன். அவரும் பந்தய வண்டிக்காரர்.

மனிதர் வந்து நின்றார். தொப்பியைக் கழற்றவில்லை. சண்டை போட்டேன் என்று ஒப்புக்கொண்டார்.

"எதுக்கு?"

"இதோ இதுக்கு." ஜூனிபரின் முன்னங்காலில் சுற்றியிருந்த துணிக்கட்டைக் காட்டினார். "காலுக்குள்ள கொதிக்குது. மரத்துப்போற ஊசி போட்டு இன்னைக்கு ஓட்டறேன்னான். ஊர்ல பாதை அகலம். இங்க வளைவெல்லாம் தட்டு விளிம்பு மாதிரி. மரத்த காலோட திரும்பினா குச்சி மாதிரி முறியும்டா, பாதையிலேயே சுட்டுப் போடுவாங்கடான்னு கெஞ்சினேன். கேட்டாத்தானே? ஆயுசு முழுக்கக் காலி இடத்துக்கு ஓட்டினவன்... ஒரு தடவையாவது கூட்டம் தன் பேரைக் கத்தணும்னான்."

"கொன்னுட்டீங்களா?"

"தோணுச்சு. வேற யாரோ முந்திக்கிட்டாங்க."

"அந்தக் காதடைப்பானைக் கழட்டித் திரும்ப மாட்டுங்க, பார்ப்போம்."

க்ளைவ் அவளைப் பைத்தியத்தைப் பார்ப்பது போல் பார்த்தார்.

"நானா? எனக்கு அஞ்சு விரலும் வேணும் மேடம்."

"ஏன்?"

"இவ காதைத் தொட விடமாட்டா. குட்டியா இருக்கறப்ப எவனோ காதைத் திருகியிருக்கான். மர்ரியையே ரெண்டு தடவை கடிச்சிருக்கா. ஒவ்வொரு பந்தயத்துக்கும் காதடைக்கிறது..."

நிறுத்திக்கொண்டார்.

தப்பான இடத்தில் காலை வைத்துவிட்டது அவருக்கே புரிந்துவிட்டது. மெதுவாகத் திரும்பி மருமகளைப் பார்த்தார்.

"டெஸ்... குட்டி... என்னடி பண்ணே?"

வாசலில் ஒரு வண்டி வந்து நின்றது. கையில் பெட்டியோடு டாக்டர் இறங்கினார்.

கப்சாலிஸ் டெஸ்ஸின் அருகே போனாள். குரலைத் தாழ்த்தினாள்.

"உதைன்னு எல்லாரும் நம்பணும்னா குதிரை மிரண்டு நிக்கணும். கொன்னவங்க அதுக்கு நேர்மாறா அது மிரளக் கூடாதுன்னு நினைச்சிருக்காங்க. கொலை பண்ற நேரத்துல குதிரைக்கு இரக்கப்பட்டிருக்காங்க."

டெஸ் குதிரையின் பிடரியைக் கோதினாள்.

"உனக்கு ஒரு வழி இருக்கு. பொணத்தைப் பார்த்தப்புறம் நான்தான் காதை அடைச்சேன், அவ பதறக் கூடாதுன்னு... அப்படிச் சொல்லிடு. நான் மறுத்துப் பேச ஒண்ணுமில்லை. விபத்துன்னு எழுதிட்டுப் போயிடுவேன். நீ வீட்டுக்குப் போகலாம்."

"அவ?"

"அதுக்குத்தான் டாக்டர் வந்திருக்கார்."

ஜூனிபர் தலையை நீட்டி டெஸ்ஸின் தோளில் வைத்தது. அவள் விரல்கள் அதன் காதுக்குள் போயின. குதிரை அசையவில்லை. கண்ணை மூடிக்கொண்டது.

"முன்னாடியே அடைச்சேன்," என்றாள் டெஸ். "அப்பா விழற சத்தம் அவளுக்குக் கேட்கக் கூடாதுன்னு."

க்ளைவ் சுவரில் சாய்ந்தார்.

"அவளோட பழைய லாடம். கட்டையில அடிச்சு வெச்சேன். வெளியில சாணக் குப்பைக்கு அடியில இருக்கு. எடுத்துப் பாருங்க. ஆனா முதல்ல அந்த டாக்டரைப் போகச் சொல்லுங்க."

"வாயைத் திறக்காம இருந்திருந்தா யாருக்குமே தெரிஞ்சிருக்காது டெஸ்."

"தெரியும். இந்த ஊர் சட்டம்தான் தெரியாம போச்சு."

ட்ரான் சாணத்தைக் கிளறினான். கிடைத்தது. லாடத்தின் விளிம்பில் இன்னும் ஈரம்... சிவப்பாக!

டாக்டர் பெட்டியைத் திறக்காமலே திரும்பினார். க்ளைவ் குதிரையின் கயிற்றைப் பிடித்துக்கொண்டார். அது டெஸ்ஸைப் பார்த்துக் கனைத்தது. அவள் திரும்பிப் பார்க்காமல் போலீஸ் வண்டியில் ஏறினாள்.

கப்சாலிஸ் பின்னாலேயே ஏறப்போனபோது ஓடி வந்தார் லோனர்கன். முகத்தில் காலையில் இருந்த கவலை போன இடம் தெரியவில்லை.

"மேடம், ஒரு நிமிஷம். பந்தயத்தை நடத்தலாமில்ல? கொலை நடந்த செய்தி வெளியே போனதிலேர்ந்து ஃபோன் ஓயலை. டிக்கெட் மொத்தமும் போயாச்சு. இந்த விளையாட்டுக்கு இப்படி ஒரு கூட்டத்தை நான் பார்த்ததே இல்லை!"

"அந்தக் குதிரையோட கால் சரியில்லைன்னு டெஸ் உங்ககிட்ட வந்து சொன்னாளா?"

அவர் சிரிப்பு கொஞ்சம் கோணியது. சொன்னாள்தான், ஆனால் சுவரொட்டியில் முகத்தைப் போட்டுவிட்டு எப்படி நிறுத்துவது என்று முணுமுணுத்தார்.

கப்சாலிஸ் கதவைச் சாத்திக்கொண்டு கண்ணாடியை இறக்கினாள்.

"ரொம்பக் குதிக்காதீங்க லோனர்கன். அடுத்த வாரமும் இதே கூட்டம் வேணும்னா... சாகறதுக்கு நீங்கதான் மிச்சம்!"