பதினேழாம் மடையின் மௌனம்

பதினேழாம் மடை அன்றும் மதியத்துக்குமேல் வற்றத் தொடங்கியது.

மோர்ச்சோற்றில் வைத்த கையை அப்படியே நிறுத்திவிட்டுத் திரையைப் பார்த்தாள் தர்ஷினி. அந்தப் பாளையங்கோட்டைக் குடியிருப்பின் எல்லா வீடுகளுக்கும் கம்பிகள் பொறுப்பாளரான அவள் அறைச் சுவரில் இருக்கும் மடைப்பெட்டியிலிருந்துதான் போகின்றன. குளத்து மடை வயலுக்கு வயல் தண்ணீரைப் பிரித்துவிடுவதுபோல வீட்டுக்கு வீடு செய்தியைப் பிரித்துவிடும் பெட்டி அது. வீட்டுக்கு ஒரு மடை. ஒவ்வொரு மடை வழியாகவும் எத்தனை செய்திப் பொதிகள் உள்ளே போயின, எத்தனை வெளியே வந்தன என்று பெட்டி ஓயாமல் எண்ணிக்கொண்டிருக்கும். பொதிக்குள் என்ன இருக்கிறதென்று பிரித்துப் பார்க்கச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. பார்க்க வேண்டிய தேவையும் இல்லை. ஆளின் நலத்தை எண்ணிக்கையே சொல்லிவிடும் என்பதைத்தான் உலகம் ஒரு தலைமுறைக்கு முன்பே கண்டுபிடித்திருந்ததே!

காய்ச்சல்காரர் வீட்டில் பொதி வாங்குவது அதிகம், அனுப்புவது குறைவு. புருஷன் பெண்டாட்டி சண்டையென்றால் இரண்டும் தாறுமாறாக எகிறும். தனியாக இருக்கும் ஒருவர் மயங்கி விழுந்தால் திரையில் அவர் கோடு படுத்துவிடும், நலவண்டி வாசலில் வந்து நிற்கும். அப்படிப் பிழைத்தவர்கள் ஏராளம் என்பதால் யாரும் குறை சொல்லவில்லை. சொந்தபந்தங்களுக்கும் பெரிய நிம்மதி. "அத்தையைப் போய்ப் பார்த்தாயா?" என்று யாராவது கேட்டால், "மடை நல்லா ஓடுது" என்று சொன்னால் போதும்.

பதினேழாம் மடை தர்ஷினியின் அண்ணன் கவினுடையது. ஒன்பதாம் மாடியில் தனியாக இருக்கிறான். தினமும் காலையில் அவன் கோடு பச்சையாக ஓடுவதைப் பார்த்த பிறகுதான் அவள் காப்பியே குடிப்பாள். ஆனால் அந்த ஒன்பது மாடியை அவள் கடைசியாக எப்போது ஏறினாள் என்று கேட்டால் யோசித்துத்தான் சொல்ல வேண்டும்.

ஏற்கெனவே இரண்டு முறை அவன் மடை காரணமில்லாமல் வற்றியிருந்தது. நலவண்டிக்காரர்கள் ஓடிவந்து தேடிப் பிடித்தபோது அவன் கல்லுக்குண்டாக உட்கார்ந்திருந்தான். அவள் போனில் கேட்டதற்கு, "சும்மா இருந்தேன்ட்டி" என்று முடித்துவிட்டான். பெட்டி அதைப் 'பொய் மௌனம்' என்று குறித்துக்கொண்டது. மூன்றாவது பொய் மௌனம் வந்தால் ஆளைப் பேணகம் என்னும் காப்பகத்துக்குக் கொண்டுபோய்விடுவார்கள். அங்கே உடம்பிலேயே நாடி பார்க்கும் உணரிகளை ஒட்டிவிடுவார்கள். நல்ல சாப்பாடு, நல்ல படுக்கை எல்லாம் உண்டு. போனவர் யாரும் வீடு திரும்பியதில்லை.

அண்ணனைக் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பொறுப்பாளர் என்ற உரிமையில் நலவண்டியை அரைமணி நேரம் தள்ளிப்போட்டுவிட்டு, கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் லிஃப்டுக்கு ஓடினாள்.

கதவு திறந்தே கிடந்தது. கூடத்து நடுவில் நாற்காலி போட்டு, கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு இருபத்துநாலாம் வீட்டு காட்வின் உட்கார்ந்திருந்தார். தலை பாதிதான் வெட்டியிருந்தது. பின்னால் கவின் கத்தரிக்கோலோடு நின்றான். இரண்டு பேரும் எதற்கோ சிரித்து ஓய்ந்த முகத்தோடு இருந்தார்கள்.

"வாட்டி, வா! இப்பதான் வழி தெரிஞ்சுதா உனக்கு?" என்றான் கவின்.

"ஏண்ணே போன எடுக்கல? உசுரே போயிட்டு எனக்கு!"

"கையில கத்தரி இருக்குல்லா."

"முந்தி ரெண்டு தடவ?"

"ஒரு நாள் இந்த அண்ணாச்சி வீட்டுல சொதி வச்சிருந்தாவ, சாப்பிடப் போனேன். இன்னொரு நாள் சும்மா பேசிட்டு இருந்தோம். ஆளு எதுக்க உக்காந்திருக்கும்போது போன்ல எதுக்குட்டி பேசணும்?"

தர்ஷினிக்கு அப்போதுதான் உறைத்தது. இவ்வளவு காலம் கண்ணில் படாத சங்கதியா இது! மனிதர்கள் விலகி இருந்தால்தான் பொதி ஓடும். பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் மடை வற்றிவிடும். கூடியிருப்பதைத்தான் இந்தப் பெட்டி நோய் என்று எண்ணிக்கொண்டிருக்கிறது. போன வருஷம் முப்பத்தொன்றாம் வீட்டு ஆதிராவின் மடையும் நாற்பதாம் வீட்டு ரெபேக்காவின் மடையும் ஒரே நேரத்தில் வற்றும், ஒரே நேரத்தில் ஊறும். தர்ஷினிதான் ஒப்புதல் கொடுத்து இருவரையும் அனுப்பினாள், ஆளுக்கொரு பேணகத்துக்கு. பாவி, என்ன காரியம் செய்துவிட்டேன்!

"அண்ணே, இன்னும் கொஞ்ச நேரத்துல வண்டி வந்துரும். இது மூணாவது தடவ. பேணகந்தான்."

கவினின் முகம் வெளுத்துவிட்டது. "நான் போமாட்டேன்ட்டி. அங்க போனா நான் செத்துருவேன்."

"என் மடையுந்தான வத்திக் கெடக்கு, என்னையும் சேத்துல்லா கூட்டிட்டுப் போவானுவ?" என்று தலையைத் தடவினார் காட்வின். "பாதித் தலையோடயா?"

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. யோசிக்க நேரமில்லை. பெட்டிக்கு வேண்டியது பொதி, அவ்வளவுதானே. ஒவ்வொரு வீட்டிலும் விளக்குப் போடவும் மருந்தை நினைவூட்டவும் ஓர் ஏவலி இருந்தது. ஆள் சொல்வதைக் கேட்டுப் பதில் பேசும் பொறி. கவின் வீட்டு ஏவலியை அழைத்து, "இருபத்துநாலாம் வீட்டு ஏவலியோட பேசிட்டே இரு. நிறுத்தாத" என்றாள்.

"எதைப் பற்றிப் பேச வேண்டும்?" என்று பணிவாகக் கேட்டது அது.

"எதையாவது பேசித் தொலை!"

இரண்டு பொறிகளும் வெயிலைப் பற்றிப் பேசத் தொடங்கின. அவள் கைத்திரையில் இரண்டு கோடுகளும் மெல்ல நிமிர்ந்து பச்சையாயின. நலவண்டி வரவில்லை. வேலியே பயிரை மேய்ந்த கதைதான், இருந்தாலும் கவின் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அன்று காட்வினின் மீதித் தலையை வெட்டி முடிக்கும்வரை அவளும் அங்கேயே இருந்தாள்.

ரகசியம் காட்வினுக்குத் தெரிந்தபின் ரகசியமாக இருக்குமா? மெல்லுகிற வாய்க்கு அவல் கிடைத்தாயிற்று. வீட்டுக்கு வீடு ஏவலிகள் பேச ஆரம்பித்தன. அடுத்த தெருவுக்குப் போனது, அடுத்த ஊருக்கும் போனது. ஆட்கள் நிம்மதியாக ஒருவர் வீட்டில் ஒருவர் உட்கார்ந்தார்கள். மதுரைத் தலைமையகத்திலிருந்து மேலதிகாரி சங்கமித்ரா கூப்பிட்டுப் பாராட்டினாள். மண்டலத்திலேயே இந்தக் குடியிருப்புதான் முதலிடமாம்.

ஒரு நாள் காலை தர்ஷினி காப்பியோடு திரைமுன் உட்கார்ந்தாள். பதினேழாம் மடை அழகாக ஓடிக்கொண்டிருந்தது. பார்த்துக்கொண்டே இருந்தவளுக்கு ஒரு சந்தேகம் வந்தது. அண்ணன் எழுந்துவிட்டானா? குளியலறையில் வழுக்கி விழுந்து கிடக்கிறானா? எப்படி இருந்தாலும் ஏவலி வெயிலைப் பற்றிப் பேசிக்கொண்டுதானே இருக்கும்! அவளே தன் கையால் குருடாக்கிய கண் இது.

காப்பியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள். லிஃப்டு வாசலில் ஒரே கூட்டம். அப்பாவைப் பார்க்க வந்த மகள், மாமியாரைப் பார்க்க வந்த மருமகன். எல்லார் கைத்திரையிலும் பச்சைக் கோடு ஓடிக்கொண்டிருந்தது, எல்லார் முகத்திலும் அவளுடைய அதே கவலைதான். காத்திருக்கப் பொறுமையில்லாமல் படியேறினாள்.

கதவைத் தட்டினாள். திறக்கவில்லை. மறுபடி தட்டினாள். பல் துலக்கும் பிரஷை வாயில் வைத்துக்கொண்டு கவின் கதவைத் திறந்தான்.

"என்னட்டி, காலங்காத்தால?"

அப்படியே அவன் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்போது போன் அடித்தது. சங்கமித்ரா.

"தர்ஷினி, சீட்ல ஏன் ஆள் இல்ல? அங்க எல்லா மடையும் நல்லாத்தானே ஓடுது?"

இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? உள்ளதை எல்லாம் சொன்னாள். ஏவலிகள் பேசுவதை, வெயில் பேச்சை, அது ஊர் ஊராகப் பரவியதை. வேலை போனால் போகட்டும் என்றிருந்தது அவளுக்கு.



"எங்கம்மா திருமங்கலத்துல தனியா இருக்காங்க" என்றாள் சங்கமித்ரா. அதிகாரியின் குரலாக இல்லை அது. "ஒரு மாசமா அவங்க மடை ஒரு தடவகூட இறங்கல. ரொம்ப நல்லா இருக்காங்கன்னு சந்தோஷப்பட்டுட்டு இருந்தேன்."

"கெளம்புங்க மேடம்" என்றாள் தர்ஷினி.