ஆன்சியின் கோடுகள்

ஆல்பின் எழுந்தான். பாயைச் சுருட்டி மூலையில் வைத்தான். பல் தேய்த்தான். கொடியில் கிடந்த சட்டையை உதறிப் போட்டுக்கொண்டான். அடுப்படிக்குள் போனான். இன்றும் பால் கருகிய வாசனை வந்தது.

அடுப்பு பற்றவைக்கவில்லை. பால் பாக்கெட் வாசல் கதவில் மாட்டிய பையில்தான் இருந்தது.

சமயநல்லூர் ரோட்டில் லாரிகள் போகும்போதெல்லாம் தட்டில் கவிழ்த்த டம்ளர்கள் லேசாக அதிர்ந்தன. ஜன்னல் வழியே வந்த டீசல் புகைக்கும் பக்கத்து வீட்டுத் தாளிப்புக்கும் அடியில், பாத்திரத்தில் ஒட்டிப்பிடித்துக் கறுத்துப்போன பாலின் அந்தக் கசந்த இனிப்பு அசையாமல் நின்றது.

வலிப்பு வருமுன் அவன் மனைவி ஆன்சிக்கு முதலில் வருவது அந்த வாசனைதான். "பால் கருகுது, பாருங்க" என்பாள். பிறகு இடது கைக் கட்டைவிரல், மாவு பதம் பார்ப்பதுபோல, ஆள்காட்டி விரலைத் தேய்க்கத் தொடங்கும். அப்புறம் விழுவாள்.

அவன் பீரோச் சாவியை எடுத்து அந்தக் கைக்குள் திணிப்பான். இரும்பெல்லாம் வேண்டாம், ஒருக்களித்துப் படுக்க வைத்தால் போதும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். படுக்கவும் வைப்பான், சாவியும் கொடுப்பான். தெளிந்ததும் ஆன்சி அதை அவன்மேல் எறிவாள்.

"பிசிக்ஸ் படிச்ச ஆளு. நான் என்ன பேயா, இரும்பக் காட்டி விரட்டுறதுக்கு?"

கடைசித் தடவை அவள் தெளியவில்லை. மூடிய கை விறைத்துவிட்டது. பிள்ளை விரலை ஒடிச்சிராதீங்க என்று மாமியார் மரியம்மாள் அழுதார். சாவியோடுதான் சவப்பெட்டியை மூடினார்கள். பீரோ அன்றிலிருந்து பூட்டிக் கிடக்கிறது. உடைக்க ஆள் கூப்பிடவும் அவனுக்குத் தெம்பில்லை.

போன் அடித்தது. தல்லாகுளம் ஸ்கேன் சென்டரில் வேலை பார்க்கும் கனகா.

வலிப்பு உள்ளவர்களின் மூளையில் எந்தப் பகுதி எதனோடு பேசுகிறது என்று படம் எடுக்கும் ஆராய்ச்சி ஒன்று அங்கே நடந்தது. ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாத ஒருவர் வேண்டும் என்று, ஆன்சியோடு போன அவனையும் படுக்க வைத்திருந்தார்கள். அவன் படத்தில் கோடுகள் பரவலாக ஓடின. அவளுடையதில் எல்லாம் ஒரு பக்கமாக ஓடி ஒரே இடத்தில் முடிச்சிட்டுக் கிடந்தன. கைரேகை மாதிரி, ஒருவருடையது இன்னொருவருக்கு இருக்காது என்றார் டாக்டர்.

போன வாரம் அவனை மட்டும் மறுபடி கூப்பிட்டார்கள். போனான். வாசனையைப் பற்றிச் சொன்னான். தூக்கமில்லாததால் இருக்கும் என்றார் டாக்டர். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் இந்த வாரத்தை ஓட்டினான். களைப்பு. வேறொன்றுமில்லை. இன்னொரு முறை யாராவது அதைச் சொன்னால் போதும்.

"அண்ணே, ஃபைல் மாறிருச்சு போல" என்றாள் கனகா. "உங்க பேர்ல அக்கா படம் வந்து நிக்குது. கோட்டுக்குக் கோடு அப்படியே அவுகளோடது. இன்னொரு தடவை வந்து படுத்துட்டுப் போறீகளா?"

தேதி என்ன போட்டிருக்கிறது என்று கேட்டான்.

"போன வாரத்துத் தேதிதாண்ணே. அதான் எனக்கும் புரியல."

வாரேன் என்றான். போனை வைத்தான்.

வாசனை கூடியது. நாக்கில் கசந்தது. லாரிச் சத்தம் எங்கோ தூரம் போய்விட்டது. டம்ளர்கள் அதிர்ந்தன. சத்தமில்லை.

இடது கையைப் பார்த்தான். கட்டைவிரல் அசைந்தது. மெதுவாக. மாவு பதம் பார்ப்பதுபோல.

நிறுத்தப் பார்த்தான். நிற்கவில்லை.

முழங்கால் மடங்கியது. தரை. கன்னத்தில் சிமெண்டுத் தரையின் குளிர். யாரோ தோளைத் தொட்டு ஒருக்களித்துப் படுக்க வைத்தார்கள். பதமாக. பழகிய கை.

வீட்டில் யாருமில்லை.

இடது கை மூடிக்கொண்டது. உள்ளே ஏதோ இருந்தது. குளிர்ந்தது. பல் பல்லாக உள்ளங்கையில் அழுந்தியது. வலது கையால் விரல்களைப் பிரிக்கப் பார்த்தான். பிரியவில்லை. இடுக்கு வழியே துருவேறிய வளையம் தெரிந்தது. ஈர மண் உதிர்ந்தது.

ஆன்சி கடைசியாக 'இயேசுவே' என்றாள் என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தான். அவள் அதைச் சொல்லவில்லை. அன்றைக்கு அவள் விழுமுன்பே அவசரப்பட்டுச் சாவியைத் திணித்தான். அவள் அவன் முகத்தைப் பார்த்தாள்.

"எனக்கு வேணாம். நீங்களே வச்சுக்கங்க."