நீலத்தாள் சிவந்தது

காலை ஏழு மணிக்கு வெள்ளைச்சாமியின் கொட்டகையில் மாடு செத்துக் கிடந்தது. வயிறு உப்பியிருந்தது. வாயில் நுரை. பக்கத்துத் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் ஒரு காலி யூரியா சாக்கு ஈரமாகத் தொங்கியது.

குன்னத்துக்குத் தெற்கே, மக்காச்சோளமும் வெங்காயமும் விளையும் சிற்றூர் அது. சாக்கு பக்கத்து வீட்டுக் கண்ணையனுடையது. வெங்காயத்துக்கு உரம் போட்டுவிட்டு முந்தின நாள் இரண்டு வீட்டுக்கும் பொதுவான அந்தத் தொட்டியில்தான் அலசிப் போட்டதாக அவரே ஒத்துக்கொண்டார். போன வாரம்தான் இந்த மாடு அவர் வயலில் புகுந்து மேய்ந்து, இரண்டு வீட்டுக்கும் வாய்த்தகராறு. அப்போது வெள்ளைச்சாமி எல்லார் முன்னாலும் அவரைக் கன்னத்தில் அறைந்திருந்தார்.

கால்நடை மருத்துவர் அனுசுயா வந்து இறங்கியதுமே, என்ன விஷம் என்று கேட்டார் சப்-இன்ஸ்பெக்டர் பரணிதரன். அனுசுயா குனிந்து நுரையைப் பார்த்தார். சாக்கைப் பார்த்தார்.

"யூரியா மாதிரிதான் சார் தெரியுது."

அது போதுமானதாக இருந்தது. கண்ணையனைப் போலீஸ் ஜீப்பில் ஏற்றி உட்கார வைத்தார்கள். ஊரே சுற்றி நின்று பார்த்தது. அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

வெள்ளைச்சாமியின் மனைவி புஷ்பவல்லி பெரம்பலூரில் மகள் வீட்டில் ஒரு வாரம் தங்கிவிட்டு அன்று முதல் பஸ்ஸில்தான் வந்திருந்தார். அவருடைய பிறந்த வீட்டில் கன்றாகக் கொடுத்த மாடு அது. அதன் நெற்றியில் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். அழவில்லை.

எட்டரைக்குப் பிரேதப் பரிசோதனை தொடங்கியது. இரைப்பையைத் திறந்ததுமே அனுசுயாவின் கை நின்றது. யூரியா என்றால் அமோனியா நெடி கண்ணைக் கரிக்கும். இங்கே வந்தது புளித்துப்போன மாவின் வாடை. அரைகுறையாக மென்ற மக்காச்சோளம் கொத்துக் கொத்தாக வழிந்தது.

பையிலிருந்து லிட்மஸ் தாள்களை எடுத்தார். காரம் பட்டால் சிவப்புத்தாள் நீலமாகும். அமிலம் பட்டால் நீலத்தாள் சிவக்கும். சிவப்புத்தாளை நனைத்தார். அது சிவப்பாகவே இருந்தது. நீலத்தாளை நனைத்தார். தொட்ட இடத்திலிருந்து மேலேறி முழுவதும் சிவந்தது. வேறொரு பக்கத்திலிருந்து எடுத்தும் பார்த்தார். அதே சிவப்பு.

ஜீப் பக்கம் திரும்பிப் பார்க்க அவருக்குத் துணிவு வரவில்லை.

பரணிதரன் விடுவதாக இல்லை. இரண்டு தாள்களை வாங்கித் தொட்டித் தண்ணீரில் நனைத்தார். எதுவும் நிறம் மாறவில்லை. அப்படியானால் தண்ணீரில் யூரியாவே இல்லையா என்று கேட்டார்.

"இந்தத் தாள வச்சு அதச் சொல்ல முடியாது சார். யூரியா தண்ணியில சும்மா கரைஞ்சு கெடந்தா லிட்மஸ் மாறாது. மாட்டு வயித்துக்குள்ள போயி அமோனியாவா ஆனாத்தான் காரம். சிவப்புத்தாள் நீலமாயிருக்கணும். இங்க நேர்மாறு. நான் வயித்தப் பாக்காம சாக்கப் பாத்துச் சொல்லிட்டேன்."

பிறகு அனுசுயா வெள்ளைச்சாமியிடம் வந்தார். மாடு எதுவரைக்கும் நன்றாக இருந்தது?

"நேத்து ராத்திரி வரைக்கும் வைக்கோல் தின்னுச்சுங்க. சாயங்காலம் கறந்து சொசைட்டியில பால் ஊத்திட்டுத்தான் வந்தேன்."

புஷ்பவல்லி நிமிர்ந்தார். "பஸ்ஸ விட்டு எறங்கையில சொசைட்டிக்காரரு கேட்டாரே, ரெண்டு வேளையா உங்க வூட்டுப் பால் வரலையேன்னு."

அவர் கணவரைக் குற்றம் சொல்வதற்காகச் சொல்லவில்லை. அது என்ன சொல்கிறது என்பது அவருக்கே அப்போது தெரியாது.

அனுசுயாவுக்குத் தெரிந்தது. யூரியா தின்ற மாடு சில மணி நேரத்திலேயே விழுந்துவிடும். மக்காச்சோளத்தை அளவுக்கு மீறித் தின்ற மாடு அப்படியல்ல. தின்றது வயிற்றில் புளித்து அமிலமாகும். முதலில் அசைபோடாது. பால் வற்றும். பிறகு படுக்கும். ஒரு நாளோ இரண்டு நாளோ கிடந்துதான் சாகும். முந்தின நாள் காலையிலேயே பால் நின்றிருக்கிறது. அந்த நேரத்தில் வீட்டில் இருந்தவர் ஒருவர்தான்.

"மக்காச்சோளத்தப் போட்டது நீங்கதான் வெள்ளைச்சாமி. நேத்துக் காலையிலயே மாடு படுத்துருச்சு. உங்களுக்குத் தெரியும். ஏன் என்னைக் கூப்புடல?"

வெள்ளைச்சாமி தரையைப் பார்த்தபடி சொன்னார். புஷ்பவல்லி ஊரில் இல்லாத சமயம் பார்த்து மாட்டு வியாபாரியை வரச் சொல்லியிருந்தாராம். மடி பெருத்துத் தெரிய வேண்டுமென்று கூடை கூடையாகக் கொட்டியிருக்கிறார். மாடு படுத்ததும், டாக்டரைக் கூப்பிட்டால் விற்கப் பார்த்தது மனைவிக்குத் தெரிந்துவிடுமே என்று பயந்தார். விடிந்து மனைவி வாசலில் வந்து நின்றபோது இவர் கண்ணில் பட்டது சாக்கு. கண்ணையன்தான் கொன்றான் என்று மனைவியிடம்தான் முதலில் சொன்னார். புஷ்பவல்லி போட்ட சத்தத்தில் ஊர் கூடிவிட்டது. அதன்பின் மாற்றிச் சொல்ல வழி தெரியவில்லை.

புஷ்பவல்லி மாட்டின் நெற்றியிலிருந்து கையை எடுத்தார். "வித்துப்புட்டு எங்கிட்ட என்ன சொல்லலாம்னு இருந்தீங்க?"

கூட்டம் ஒவ்வொருவராகக் கலைந்தது. யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

பரணிதரன் ஜீப்பின் கதவைத் திறந்து, வீட்டுக்குப் போகலாம் என்று தணிந்த குரலில் சொன்னார். கண்ணையன் அசையவில்லை.

"ஊரே பாக்க ஏத்துனீங்க சார். இப்ப யாருமில்லாதப்ப எறங்கச் சொல்றீங்க."

புஷ்பவல்லி எழுந்தார். சேலையைச் செருகிக்கொண்டு தெருவில் இறங்கி முதல் வீட்டுக் கதவைத் தட்டினார். அடுத்த வீடு. அதற்கடுத்த வீடு. வரத் தயங்கியவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். வெயில் ஏறுவதற்குள் காலையில் நின்ற அத்தனை பேரும் மறுபடி வந்து நின்றார்கள்.

வெள்ளைச்சாமி முன்னால் வந்தார். ஜீப்புக்கு நாலடி முன்னாலேயே நின்றுவிட்டார். அனுசுயா அவரைத் தாண்டிப்போய் ஜீப்பின் எதிரில் நின்றார்.

"மொதல்ல தப்பா சொன்னது நான். இவரு எந்தத் தப்பும் பண்ணல."

கண்ணையன் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பிறகு கம்பியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கினார்.